அருகில் நிற்பவரும் அறிந்தவரும்

நர்சிங் சேர்க்கைக்கான நேர்காணலில் 'ஏன் இந்தப் படிப்பு?' என்று கேட்டால், கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும்: சேவை செய்ய வேண்டும். இது ஒரு சடங்கு என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். கல்யாண வீட்டு வாசலில் 'சாப்டீங்களா' என்று விசாரிப்பதைப் போன்றது அது. உண்மைக் காரணங்கள் வேறு. ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்தாகிவிட்டது, எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. பெரியம்மா மகள் நர்ஸாகப் போய் வீட்டுக் கடனை அடைத்திருக்கிறாள். மூன்று நான்கு வருடங்களில் கைக்குச் சம்பளம் வரும்; எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாலும் அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருக்கும். இவற்றில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பாலம் கட்டும் பொறியாளரிடம் 'ஆற்றைக் கடப்பவர்களுக்குச் சேவை செய்யத்தானே வந்தாய்' என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடம் மட்டும் கேட்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது: சேவை என்று வாயால் ஒப்புக்கொண்டவளிடம் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஆனால் இந்த முதல் சேர்க்கையில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. பதினேழு வயதில் எடுக்கும் முடிவில் பாதி வீட்டாருடையது. இரண்டாம் முறை படிக்கப் போவதுதான் விளக்கம் கேட்கிறது. இரண்டு வருட ஏஎன்எம் முடித்துக் கிராமத்தில் வேலை பார்த்தவர் மூன்று வருட ஜிஎன்எம்முக்குப் போகிறார். ஜிஎன்எம் முடித்துப் பத்து வருடம் வார்டில் இருந்தவர் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சிக்கு விண்ணப்பிக்கிறார். இன்னொருவர் துணை சுகாதார நிலையப் பொறுப்புக்காக ஆறு மாதச் சமுதாய சுகாதாரச் சான்றிதழ்ப் படிப்பில் சேருகிறார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பார்கள், நைட் டியூட்டி முடிந்த பகலில் தூங்காமல் படிப்பார்கள். சேவைதான் நோக்கம் என்றால் நாற்பது பேர் படுத்திருக்கும் வார்டில் அது ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் கிடைக்கிறது. பதவிதான் நோக்கம் என்றால், பட்டத்தோடு திரும்பி வருபவருக்குப் பெரும்பாலும் அதே வார்டும் அதே நாற்பது பேரும்தான். அப்படியிருந்தும் போகிறார்கள் என்றால் அவர்களைத் தள்ளுவது வேறொன்று. படுக்கைக்கு அருகில் நின்றுகொண்டு, கண் முன்னால் ஏதோ மாறுவதைப் பார்த்துக்கொண்டு, அது என்னவென்று சொல்லத் தெரியாமல் இருப்பதன் அவஸ்தை அது என்று நான் நினைக்கிறேன். எங்கள் தொழிலில் மேற்படிப்புக்கு இதைவிட நம்பகமான காரணம் இல்லை. ஒரு படிப்பு நல்லதா என்பதையும் இந்த அவஸ்தையை அது எவ்வளவு குறைக்கிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும்.

தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் மிகப் பழக்கமான ஒரு நிகழ்ச்சியை இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்கலாம். 1890களில் திண்டிவனத்தில் ஓர் இரவு. அமெரிக்க மிஷனரி மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர், உடல்நலமில்லாத தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவர், வீட்டில் இருக்கிறார். ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வருகிறார்கள்: ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மூன்றாமவர் இன்னொரு மேல்சாதி இந்து. மூன்று வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகியிருக்கிறது. மூவரும் ஐடாவை அழைக்கிறார்கள். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவுக்குத்தான் தெரியும் என்கிறார் அவர். ஓர் ஆண் உள்ளே வந்து பார்ப்பதற்கு மூவரும் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய்ப் படித்து 1899இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். இதை இரக்கத்தின் கதையாகவே சொல்லி வருகிறோம். அந்த வீட்டில் அன்றிரவு இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. தந்தைக்கு அறிவு இருந்தது, அருகில் போக அனுமதி இல்லை. மகளுக்கு அனுமதி இருந்தது, அறிவு இல்லை. ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டிய இரண்டும் இரண்டு ஆட்களிடம் பிரிந்து கிடந்தன. ஐடா செய்தது, அருகில் செல்ல முடிந்தவர்களிடம் அறிவைக் கொண்டு சேர்த்தது. 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்ற வரிசையும் கவனிக்கத்தக்கது. செவிலியர் பயிற்சி ஒன்பது வருடம் முந்திக்கொண்டது.

இந்தப் பிரிவு திண்டிவனத்தோடு முடிந்துவிடவில்லை. மருத்துவர் ஒரு நோயாளியிடம் ரவுண்ட்ஸில் செலவிடுவது சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் அருகில் இருப்பவர் செவிலியர். எந்த வார்டிலும் தொங்கும் டிபிஆர் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் வேறுபடும், பல்ஸ் வேறுபடும். மூச்சு எண்ணிக்கை மட்டும் வரிசையாக 20, 20, 22, 20 என்று இருக்கும். வார்டு முழுக்க ஒரே தாளத்தில் மூச்சுவிடுவதுபோல. இது எங்கள் தொழிலின் ஊரறிந்த ரகசியம்; இந்த ஊருக்கு மட்டும் உரியதுமில்லை. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நாற்பது பேருக்கு எண்ணினால் வேறெதையும் செய்யாமல் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தை யாரும் எங்களுக்குத் தருவதில்லை. ஆனால் உடல் நிலைகுலையத் தொடங்கும்போது முதலில் மாறுபவற்றில் ஒன்று மூச்சு; பிபி பெரும்பாலும் கடைசியில்தான் சரியும். 2012இல் பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு எண்ணிக்கைக்கு இடம் கொடுத்தது இதனால்தான். இது தெரியாதவர் 20 என்று எழுதுவதில் ஒரு உறுத்தலும் இருக்காது, அது வெறும் கட்டம். தெரிந்தபின் கை அவ்வளவு எளிதாக எழுதாது. நாற்பது பேருக்கும் எண்ண அவராலும் முடியாதுதான். ஆனால் அந்த இரவில் எந்த நான்கு பேருக்கு எண்ணியே ஆக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பற்றாக்குறையான ஊரில் படிப்பின் பயன் இதுதான்: இருக்கிற ஒரு நிமிடத்தை எங்கே வைப்பது என்று அது சொல்லிக்கொடுக்கிறது.

பிரசவ வார்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நிறைமாதப் பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு வழக்கத்தைவிட 40 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கும். ஆகவே பிரசவத்துக்குப் பின் இரத்தம் போகும்போது உடல் நெடுநேரம் ஈடுகொடுத்து மறைத்துவிடும். கணிசமான இரத்தம் போன பிறகும் பிபி 110/80 என்று காட்டலாம். அதற்குள் பல்ஸ் ஏறியிருக்கும், மூச்சு ஏறியிருக்கும், அவள் படுக்கையில் புரள்வாள், 'பயமா இருக்கு' என்பாள். நல்ல மனசு மட்டும் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து ஆறுதல் சொல்வார். படித்தவர் போர்வையை விலக்கிப் பார்ப்பார், வயிற்றில் கைவைத்துக் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று சோதிப்பார். முதலாமவரின் அன்பைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் அந்த அன்பு பத்து நிமிடத்தை விழுங்கிவிடுகிறது, அந்தப் பத்து நிமிடம் அவளுக்கு மிச்சமில்லாமல் போகலாம். சேவை மனப்பான்மையைத் தொழிலின் அடித்தளமாகச் சொல்வதில் எனக்குள்ள சங்கடம் இதுதான்: அறியாமையும் கருணையும் சேர்ந்தால் வெளியிலிருந்து பார்க்க அது நல்ல பராமரிப்பு போலவே தெரியும்.

இதற்குச் சான்று உண்டா என்று கேட்பது நியாயம். 2003இல் லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்தார்கள். பட்டப்படிப்பு முடித்த செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடிய இடங்களில் நோயாளி இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருந்தது. 2014இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஆய்வில் அது 7 சதவீதம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் இறப்புக்கான வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. இவை மருத்துவமனைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள். பட்டதாரிகளை அதிகம் எடுக்கும் மருத்துவமனை வேறு பல விதங்களிலும் நல்ல மருத்துவமனையாக இருக்கலாம் என்ற மறுப்பை முழுக்கத் தள்ள முடியாது. ஆராய்ந்தவர்கள் அதற்கெல்லாம் கணக்கில் இடம் கொடுத்துத்தான் இந்த எண்களைச் சொன்னார்கள் என்றாலும், பென்சில்வேனியாவின் எண்ணை அப்படியே பெரம்பலூருக்குப் பொருத்த நான் தயாரில்லை. அதனால் இன்னொரு வகைச் சான்று எனக்கு முக்கியம். 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்களில் நடந்தது. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பால் இரத்தப்போக்கை அளப்பது, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் மசாஜ், ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், ட்ரிப் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே தொடங்குவது, அவ்வளவுதான். கடும் இரத்தப்போக்கு, அதற்கான அறுவைச் சிகிச்சை, மரணம் மூன்றும் சேர்ந்த விகிதம் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. புது மருந்து ஒன்றும் வரவில்லை. அருகில் இருந்தவருக்கு அளக்கத் தெரிந்தது, அளந்ததும் செயல்பட அனுமதி இருந்தது.

அனுமதி என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன், ஏனென்றால் படிப்பைப் பற்றிய பேச்சில் அது எப்போதும் விடுபட்டுப்போகிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஐசியூக்களில் பீட்டர் புரோனோவோஸ்ட் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் இதற்கு நல்ல உதாரணம். மத்திய இரத்தக்குழாயில் குழாய் போடும்போது கை கழுவுவது, தோலைச் சுத்தம் செய்வது, முழுத் துணிப் பாதுகாப்பு என்று அதிலிருந்தவை எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்தவைதான். புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று: படி ஏதாவது தவறினால் பக்கத்தில் நிற்கும் செவிலியர் மருத்துவரை நிறுத்தலாம். சுமார் நூறு ஐசியூக்களின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. அந்தக் குழாய்வழித் தொற்றின் இடைநிலை விகிதம் குழாய் இருந்த ஆயிரம் நாட்களுக்கு 2.7 என்றிருந்தது, மூன்றே மாதங்களில் பூஜ்யமானது. நம் ஊரில் இந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுத்தாலும் எத்தனை பேர் வாய்திறப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் வாய்திறப்பவர்கள் யார் என்று பார்த்தால், எதனால் அந்தப் படி முக்கியம் என்று விளக்கத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். அதிகாரம் இல்லாதவருக்குக் காரணம் ஒன்றுதான் ஊன்றுகோல்.

அனுபவம் போதாதா என்ற கேள்வி எங்கள் மூத்த சிஸ்டர்களிடமிருந்தே வருகிறது, அதை எளிதில் ஒதுக்க முடியாது. இருபது வருடம் வார்டில் இருந்தவர் கதவைத் திறந்து உள்ளே பார்த்ததுமே 'அந்த நாலாம் பெட் சரியில்லை' என்பார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த உள்ளுணர்வு பாடப்புத்தகத்தில் கிடைக்காது. ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருக்கும் மருத்துவரிடம் போனில் 'என்னமோ சரியாப் படல சார்' என்றால் 'காலையில பாக்கலாம்' என்ற பதில்தான் வரும். 'நார்மல் டெலிவரி, ரெண்டு மணி நேரம் ஆகுது, 84 இருந்த பல்ஸ் 124, மூச்சு 28, யூட்ரஸ் தளர்வா இருக்கு, பிளீடிங்னு நினைக்கிறேன், வாங்க சார்' என்றால் எழுந்து வந்தே ஆக வேண்டும். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை என்று நான்கு படியாகத் தகவல் சொல்லும் முறையை இப்போது எல்லாப் பயிற்சிகளிலும் கற்றுத்தருகிறார்கள். எல்லோரும் தடுக்கி விழுவது மூன்றாவது படியில். நோயைப் பெயர் சொல்லி அழைப்பது மருத்துவரின் வேலை, நீ வாய்மூடு என்று பழக்கப்பட்டவர்களுக்கு 'நினைக்கிறேன்' என்ற ஒரு சொல் வருவதில்லை. அனுபவம் கண்ணைத் தருகிறது, சொல்லைத் தருவதில்லை.

மருத்துவர்தான் இருக்கிறாரே என்பவர்களுக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களையே காட்டுவேன். மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைச் சுழற்சியில் அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு கொண்டுவந்தபோது, இரவில் அங்கே முடிவெடுப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. சாலை, 108 ஆம்புலன்ஸ், இரத்த வங்கி என்று பல காரணங்கள் சேர்ந்த எண் அது. ஆனால் அந்தப் பல காரணங்களையும் சரியான நேரத்தில் கூப்பிட ஓர் ஆள் வேண்டும்.

செவிலியர் மேலே படிப்பது பணத்துக்கும் வெளிநாட்டுக்கும்தான் என்ற குற்றச்சாட்டை நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்தத்தில் சேர்ந்த அரசுச் செவிலியரின் மாதத் தொகுப்பூதியம் அப்போது 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் போராடியது நினைவிருக்கும். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016இல் அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அந்தத் தொகையைப் பார்க்காத செவிலியர் நிறையப் பேர் இருக்கிறார்கள். உலகில் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதுவதில் என்ன அதிசயம்? போக நினைப்பவர் அறிவில் நாட்டமில்லாதவர் என்பது தவறான ஊகம். அங்கே செவிலியரின் மதிப்பீட்டைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்கிறார்கள் என்பதும் இழுக்கும் காரணங்களில் ஒன்று.

எனக்குப் பதில் சொல்லக் கடினமான மறுப்பு வேறு. படிக்கப் படிக்கச் செவிலியர் படுக்கையை விட்டு விலகிப் போகிறாரே என்பது அது. உண்மைதான். பதவி உயர்ந்தால் இன்டென்ட், ரெஜிஸ்டர், டியூட்டி சார்ட். இன்னும் உயர்ந்தால் கோப்பு. எம்.எஸ்சி முடித்தால் கல்லூரி வகுப்பறை. அருகில் நிற்பவரிடம் அறிவைச் சேர்ப்பது நோக்கமென்றால், நம் ஏணி அறிவு சேர்ந்ததும் அருகிலிருந்து ஆளைக் கிளப்பிவிடுகிறது. இதைத் திருத்தத்தான் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைக் கொண்டுவந்தது. இரண்டு வருடமும் பெரும்பகுதி ஐசியூவிலேயே கழியும் முதுநிலைப் படிப்பு. பிரசவத்துக்கு இதே போன்ற பதினெட்டு மாதப் பயிற்சியை மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் முன்வைத்தது. யோசனை சரி. ஆனால் படித்து வெளியே வருபவருக்கென்று தனிப் பதவியும், எதை அவரே தொடங்கலாம் என்ற எழுத்துபூர்வமான வரம்பும் இல்லாவிட்டால் அவர் பழையபடி ஸ்டாஃப் நர்ஸ்தான். கூடுதலாகத் தெரிந்ததெல்லாம் கூடுதல் அவஸ்தையாக மட்டும் மிஞ்சும். ஒன்றும் தெரியாமல் நிற்பதைவிட, தெரிந்தும் கைகட்டி நிற்பது மோசம். ஆக இந்த மறுப்பு படிப்பின்மேல் விழுவதில்லை; ஏணியைச் செய்தவர்கள்மேல் விழுகிறது. அவர்கள் அதை இன்னும் காதில் வாங்கவில்லை.

மேலே படிக்கப் போகிறவருக்கு இதிலிருந்து நடைமுறையில் கிடைப்பது சிறிய விஷயம்தான். அருகில் நிற்பதற்கும் அறிவதற்கும் இடையிலுள்ள தூரத்தை எல்லாச் சான்றிதழும் குறைப்பதில்லை. காலையில் பேருந்தில் கொண்டுபோய் இறக்கி, மதியம் திரும்ப ஏற்றி, நாற்பது மாணவிகள் ஒரே நோயாளியைச் சுற்றி நின்று பிபி பார்த்த கணக்கை ரெக்கார்ட் நோட்டில் எழுதும் கல்லூரிகளும் அங்கீகாரத்தோடுதான் இருக்கின்றன. கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கும்போது, இணைந்த மருத்துவமனையில் உண்மையாகவே எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறார்கள், மாணவிகளுக்கு நைட் டியூட்டி உண்டா, கேஸ் ஷீட்டில் அவர்கள் எழுதலாமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். முடிந்தால் அந்த வார்டுக்குள் போய் ஒரு டிபிஆர் சார்ட்டைப் புரட்டி, மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் எல்லாருக்கும் 20 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.